ஒன்றரை மாத்திரை

முப்பத்தொன்றா, முப்பத்திரண்டா? மங்கையர்க்கரசிக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. எண்ணிக்கை தவறுவது யாருக்கும் நடப்பதுதான். ஐம்பத்தெட்டு வயதில், மார்கழிப் பனியில், உறையூரில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், மஞ்சள் பெயின்டால் போட்ட எட்டின் மேல் விடியுமுன்னே நடந்துகொண்டிருக்கிற எந்தப் பெண்ணுக்கும் நடக்கும். ஆனால் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது, முதலில் தூக்கம் போயிற்று, அப்புறம் எண்ணிக்கை, அப்புறம், சரி, அம்மா இப்போது வேண்டாம், முப்பத்தொன்று என்றே வைத்துக்கொள்வோம், குறைத்து வைத்துக்கொண்டால் ஒரு சுற்று அதிகம் நடப்போம், அவ்வளவுதானே. வளைவில் கால் தானாகத் திரும்பியது. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார்: ‘எட்டு நடைபயிர்ச்சி செய்வோர் மௌனம் காக்கவும். முதல் பாதி தெற்கிலிருந்து வடக்கு. மறு பாதி வடக்கிலிருந்து தெற்கு.’ பயிர்ச்சி. ஒவ்வொரு சுற்றிலும் அந்த ‘ர்’ அவள் கண்ணில் மணலாக உறுத்தியது. பள்ளிக்கூட நோட்ஸ் அச்சிடும் ஒரு பதிப்பகத்தில் இருபத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்தியவள் அவள். வேலையை விட்டு நான்கு வருடமாகியும் கண் வேலையை விடவில்லை, அதுவும் தூங்காத கண். எதைப் பயிர் செய்கிறோம் இங்கே, சிமென்டில் குதிகாலை ஊன்றி ஊன்றி.

எட்டின் மறு வட்டத்தில் சிஸ்டர் நடந்துகொண்டிருந்தார். சிஸ்டர் என்றால் இரண்டாம் மாடி ஜெசிந்தா, அரசு மருத்துவமனைகளில் முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்தவர், கட்டடம் முழுவதற்கும் அவர் பெயர் அதுதான். கையில் ஜெபமாலை. இவள் வடக்கு வட்டத்தில் என்றால் அவர் தெற்கு வட்டத்தில் இருப்பார். இரண்டு பேரும் எட்டின் இடுப்பில், கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். சிஸ்டர் தோளைக் கொஞ்சம் திருப்பி வழி விடுவார், இவள் தலைப்பை இழுத்துக்கொள்வாள், அந்த ஒரு கணத்தில் ஒரு வாக்கியம் பேசிக்கொள்ளலாம். பதில் வேண்டுமென்றால் இன்னொரு வட்டம் போய் வர வேண்டும், முப்பது அடி. மூன்று மாதமாக அவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். செயலாளரின் மௌனத்துக்கு இந்த மரியாதை போதும் என்பது சிஸ்டரின் கட்சி. “என்ன மங்கைம்மா, இன்னைக்கு உங்க எட்டு ஒன்பது மாதிரி வருது,” என்று வந்ததும் சொன்னார். இவள் ஒரு பதில் யோசித்தாள், நடுவுக்கு வருவதற்குள் அது கரைந்துவிட்டது. இன்று கேட்க வேண்டியது வேறு. இன்று இரவிலிருந்து டாக்டர் எழுதிய தூக்க மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா, அதைத்தான் கேட்க வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி கிடந்தது: அதே மாத்திரையைத்தானே அம்மாவுக்குக் கொடுத்தேன், அம்மா விழுந்தது அதனாலா? மேல் கேள்வியை இழுத்தால் கீழ்க் கேள்வியும் கூடவே வரும், கிணற்றில் தூர் வாரும்போது பாதாளக் கரண்டியில் யாருடைய பழைய சொம்போ மாட்டிக்கொண்டு வருவது போல. பதினான்கு வருடமாக அதை யாரும் இழுத்ததில்லை. சிஸ்டருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாமல் இருக்காது, முப்பத்து நான்கு வருடம் மாத்திரைகளைக் கையில் எடுத்துக் கொடுத்தவர். அதுதான் பயமே. தெரியாதவர்களிடம் கேட்பது எளிது. அவர்கள் அதெல்லாம் இருக்காது என்று சொல்லிவிடுவார்கள்.

நேற்று சாயந்திரம் அந்தப் பெண் டாக்டர் சீட்டை எழுதி நீட்டும்போது வருத்தப்பட்டது போலத்தான் இருந்தது. செப்டம்பரில் அவர்தான் சொன்னார், நின்னதுக்கப்புறம் தூக்கம் கெடுறது சகஜம்மா, எடுத்ததுமே மாத்திரைக்குப் போக வேண்டாம், பன்னிரண்டு வாரம் தினமும் நடங்க, நிறையப் பேருக்கு நல்லா கேக்குது. ஒரு அச்சடித்த தாளையும் கொடுத்தார். படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம், எழுந்த நேரம். இவள் ஒரு கட்டம் விடாமல் எழுதினாள். பொய் எழுத வரவில்லை, பிழையோடு ஒரு தாளை வெளியே விட்டுப் பழக்கமில்லை. முதல் வாரம் பதினொன்றுக்குத் தூங்கிப் பன்னிரண்டரைக்கு விழிப்பு. பன்னிரண்டாவது வாரம் பதினொன்றுக்குத் தூங்கி ஒன்றேகாலுக்கு விழிப்பு. முக்கால் மணி நேரம். இருநூற்றைம்பது கிலோமீட்டர் நடந்திருக்கிறாள், நேர்ரோட்டில் வைத்திருந்தால் திண்டிவனம் தாண்டியிருப்பாள், கிடைத்தது முக்கால் மணி நேரம். அந்த முதல் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் குறிப்பெழுதிக்கொண்டே “தூரம் கடைசியா எப்போக்கா?” என்று கேட்க, டாக்டர் நடப்பதைப் பற்றி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாரே, இவள் “நேத்துதான், கடைவீதி போய் வந்தேன், மூணு கிலோமீட்டர்” என்றாள். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தது. “அக்கா, நான் அந்தத் தூரத்தைக் கேக்கல, மாசாமாசம் வருமே அதைக் கேட்டேன்.” பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், நெடுநாளைக்குப் பிறகு வயிறு குலுங்க. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல் குத்தியது. தூரம். அம்மா வாயில் அது ஒரு நாளும் வேறு சொல்லாக வந்ததில்லை. “தூரமாயிட்டியா, தள்ளி உக்காரு.” முப்பத்தெட்டு வருடம் மாதாமாதம் தள்ளி உட்கார வைத்த தூரம், ஐம்பத்தோரு வயதில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது, போகும்போது கூடவே தூக்கத்தையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போயிற்று. இப்போது தூரம் என்பது வெறும் கிலோமீட்டர்.

கழுத்துக்குக் கீழே அது கிளம்பிவிட்டது. மார்கழிக் குளிரில் மாடிக் கைப்பிடிச் சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்க, இவளுக்குள் மட்டும் யாரோ விறகடுப்பில் ஊதினார்கள். மார்பிலிருந்து தொண்டைக்கு, தொண்டையிலிருந்து காது மடலுக்கு. வியர்வை முதுகில் ஒரு கோடாக இறங்கியது. ஒரே அறையில் படுத்திருந்த காலத்தில் இது வரும்போது மின்விசிறியை ஐந்தில் வைப்பாள், கணவர் தணிகாசலம் போர்வையைக் காது வரை இழுத்துக்கொண்டு, தூக்கத்திலேயே, “பனியில காய வைக்கிறா பாரு,” என்பார். நல்ல மனிதர்தான். தலை தலையணையில் படுமுன்னே தூங்கிவிடுகிற நல்ல மனிதர். “நீ முழிச்சிருக்கிறதுல ஒரு லாபம், நமக்குத் திருட்டு பயமில்ல,” என்று சம்பந்தி வீட்டில் வைத்துச் சொன்னார், அங்கேயும் எல்லோரும் சிரித்தார்கள். இந்த மூன்று வருடமாகப் பக்கத்து அறையில் படுக்கிறாள், அவர் தூக்கம் கெடக் கூடாதென்று. உண்மையில் அதற்காக அல்ல. தூங்குகிற ஒருவரின் பக்கத்தில் தூங்காமல் கிடப்பது பந்தியில் இலை போடாமல் உட்கார வைத்தது போல இருக்கிறது. நடு வந்துவிட்டது. சிஸ்டர் தோளைத் திருப்பினார். வாயைத் திற, மங்கை. “சிஸ்டர், தூக்க மாத்திரை பத்தி ஒண்ணு கேக்கணும்.” சொல்லிவிட்டாள். கால் நிற்காமல் தெற்கு வட்டத்துக்குள் போய்விட்டது. சொன்ன சொல் பின்னால் நடுவிலேயே நின்றுகொண்டிருப்பது போலத் தோன்றியது, திரும்பிப் பார்க்கவில்லை. மேற்கே மலைக்கோட்டைப் பக்கம், இல்லை, அது கிழக்கு, மலைக்கோட்டை கிழக்கேதானே, இத்தனை வருடமாகப் பார்க்கிறோம், உச்சி விளக்கு பனியில் கரைந்து கொண்டிருந்தது. எங்கோ ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு.

“கேளுங்க, அதுக்கென்ன,” என்றார் சிஸ்டர் அடுத்த சந்திப்பில், ஜெபமாலை மணி ஒன்றை விரலால் தள்ளிக்கொண்டு. “எனக்கு நேத்து எழுதிக் கொடுத்திருக்காங்க,” என்று சொல்ல நினைத்தாள். வாய் சொன்னது: “தெரிஞ்சவங்க ஒருத்தங்களோட அம்மாவுக்கு.” சொன்னதும் அச்சில் போய்விட்ட பிழை போல அது கையை விட்டுப் போயிற்று, இனித் திருத்த முடியாது. தெரிந்தவர்களின் அம்மா. சௌந்தரம் என்று பெயர். எழுபத்தொரு வயது. ராத்திரி ஒன்பது மணிக்குத் தொடங்கி நாலு மணி வரைக்கும் கூடத்திலிருந்து கொல்லைக்கும் கொல்லையிலிருந்து கூடத்துக்கும் நடப்பாள், மெட்டி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அப்பா போன பிறகும் கழற்ற மாட்டேன் என்று வைத்திருந்த மெட்டி. “உக்காரும்மா.” “நான் உக்காருவேண்டி, கால் உக்கார மாட்டேங்குது.” ஒரு நாள் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். சத்திரம் பேருந்து நிலையத்தில் கிடைத்தாள், பெட்டிக்கடைக்காரர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார். எங்கேம்மா போகப் பார்த்தே என்றால், “எங்கேயும் போகல, நடந்தேன்,” என்றாள். அவமானமாக இருந்தது இவளுக்கு. எதற்கு அவமானம்? இன்றைக்கு அதே நடையை டாக்டர் தாளில் எழுதிக் கொடுக்கிறார். கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, மஞ்சள் கோடு போட்டு, செயலாளர் போர்டு வைத்து நடக்கிறோம். அம்மாவுக்கும் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கலாம். போடவில்லை. பூட்டுப் போட்டாள். வெளிப்பூட்டு, உள்பூட்டு, சாவி தலையணைக்குக் கீழே. அப்போது தணிகாசலத்துக்குத் தர்மபுரியில் வேலை, மகள் விடுதியில், வீட்டில் இரண்டே பேர், நடக்கிற ஒருத்தியும் தூங்க வேண்டிய ஒருத்தியும். இவளுக்கு நாற்பத்து நான்கு வயது. படுத்தால் கல். அந்த உடம்பு இப்போது யாருடையது என்றே தெரியவில்லை.

“வயசென்ன அந்த அம்மாவுக்கு?” “எழுபத்தொண்ணு.” வளைவு. தொட்டி. பயிர்ச்சி. “எவ்வளவு கொடுத்தாங்க?” என்று அடுத்த சுற்றில் சிஸ்டர் கேட்டபோது அவர் குரல் மாறியிருந்தது, பக்கத்து வீட்டுக் குரலிலிருந்து வார்டுக் குரலுக்கு. “அரைதான் எழுதியிருந்தாங்க.” அது உண்மை. டாக்டர் அரை மாத்திரை என்றுதான் எழுதினார். பனங்கற்கண்டுப் பாலில் பொடித்துப் போட்டுக் கொடுத்த முதல் ராத்திரி அம்மா நாலு மணி நேரம் தூங்கினாள். வீடு எப்படி அமைதியாக இருந்தது! அம்மாவின் வாய் லேசாகத் திறந்து, பால் குடித்த குழந்தை போல. இவள் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள், அழுதாள்கூட, நிம்மதியில். இரண்டு வாரத்தில் அரை போதவில்லை. ஒன்று. அது மே மாதம். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நோட்ஸ் எல்லாம் கடைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் பதிப்பகம் கல்யாண வீட்டுக் கொட்டகை மாதிரி இருக்கும், ஒரு நாளைக்கு எண்பது பக்கம், கண் தூங்காமல் போனால் ‘கண்’ ‘கன்’ ஆகிவிடும். முதலாளி கத்துவார், “மங்கையம்மா, ஒரு எழுத்து தப்பினாலும் ஒன்பதாயிரம் பிள்ளைங்க தப்பாப் படிக்கும்.” அந்த வாரம் மேசையில் இருந்தது ஒன்பதாம் வகுப்பு இலக்கணம். மாத்திரை. அதே சொல், என்ன விளையாட்டு இது. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று. நெடிலுக்கு இரண்டு. மெய்க்கு அரை. ஐகாரம் சொல்லுக்கு முதலில் வந்தால் குறுகி ஒன்றரை, தையல், பையன். ஒன்றரை மாத்திரை என்ற இடத்தில் அச்சுக் கோத்தவர் ‘ஒன்றை மாத்திரை’ என்று விட்டிருந்தார், இவள் சிவப்பு மையில் ‘ர’வைச் செருகினாள். அன்று ராத்திரி அம்மா இரண்டு மணிக்கே எழுந்து நடந்தாள். மறுநாள் இவள் பாலைக் கலக்கும்போது கை தானாகவே ஒன்றோடு ஒரு பாதியைச் சேர்த்தது. யோசித்ததாக நினைவில்லை. வாய் மட்டும் முணுமுணுத்தது. ஒன்றரை மாத்திரை. பாட்டு மாதிரி. விதி மாதிரி. எங்கேயோ படித்து ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு மாதிரி. உலகத்தில் வேறு யார் இப்படி ஒரு தப்புச் செய்திருப்பார்கள்?

“அரைன்னா பயமில்ல,” என்றார் சிஸ்டர் எதிரே வந்து. இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பயமில்லை. அந்தச் சொல்லை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்க் காபி போடலாம். தெற்கு வட்டம் முழுக்க அதை வைத்துக்கொண்டு நடந்தாள், பயமில்லை, பயமில்லை, குதிகால் ஒன்றுக்கு ஒரு பயமில்லை. ஆனால் திருத்தாத தாள் அது. வளைவு முடிந்து நடு தெரிந்தது, சிஸ்டரின் நரைத்த கொண்டை நெருங்கியது. “அப்புறம் ஒண்ணரை கொடுத்தாங்க, சிஸ்டர்.” சிஸ்டர் தோளைத் திருப்ப மறந்துவிட்டார். தோளும் தோளும் இடித்துக்கொண்டன. அவரவர் வட்டத்துக்குள் போனார்கள். முப்பது அடி இவ்வளவு நீளமா. கொடியில் யாரோ எடுக்க மறந்த பள்ளிச் சட்டை பனியில் கனத்துத் தொங்கியது. கீழே பால்காரரின் வண்டி, கேட் திறக்கும் சத்தம். மூச்சு ஏன் இப்படி வாங்குகிறது, இது நடையினாலா, அந்த அடுப்பினாலா, வேறெதனாலாவதா, டாக்டர் கொடுத்த தாளில் இதற்குக் கட்டம் இல்லை. “ஒண்ணரை யாரு எழுதினா?” “யாரும் எழுதல.” மறுபடி வட்டம். இப்போது சிஸ்டரின் நடை மெதுவாகியிருந்தது, இவள் நடுவுக்கு முதலில் வந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கிட்ட வந்ததும் சிஸ்டர் சொன்னார், குரலைத் தாழ்த்தாமல், நோயாளியின் உறவினரிடம் சொல்வது போல: “எழுபது வயசுல ஒண்ணரைன்னா காலையிலயும் அது உடம்புல இருக்கும் மங்கைம்மா. எந்திரிச்சா கால் மடங்கும். எங்க வார்டுல கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் கம்பி போட்டுத்தான் கொடுப்போம்.” அவ்வளவுதான். பதினான்கு வருடக் கேள்விக்குப் பதில் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. இவள் தலையை ஆட்டினாள், நடந்தாள். ஆச்சரியம், கால் நடந்தது. எலும்பு தேய்ஞ்சு போச்சு, அதுதான் இடுப்பு உடைஞ்சது என்று அன்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் சொன்னான், அண்ணி சொன்னாள், தணிகாசலம் தர்மபுரியிலிருந்து வந்து இறங்கிய கையோடு சொன்னார், எலும்பு தேய்ஞ்சிருக்கும், வயசு. இவளும் சேர்ந்து சொன்னாள், எல்லோரையும்விட அதிகம் சொன்னாள். ஏழு மாதம் படுக்கையில் கிடந்து அம்மா போனாள். அந்த ஏழு மாதமும் மெட்டி சத்தம் இல்லை. அவள் கால் கடைசியில் உட்கார்ந்துவிட்டது.

“அந்த அம்மா விழுந்தாங்களா?” “விழுந்தாங்க.” ஒரு வட்டம். “இப்ப இருக்காங்களா?” “இல்ல.” ஒரு வட்டம். கிழக்கே சாம்பல் நிறம் கொஞ்சம் வெளுத்து, கைப்பிடிச் சுவரின் ஈரம் தெரியத் தொடங்கியது. சிஸ்டர் ஜெபமாலையைச் சேலை முந்தியில் முடிந்துகொள்வதைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது அவருக்கு, எப்போதோ தெரிந்துவிட்டது, முதல் சுற்றிலேயே. தெரிந்தவர்களின் அம்மா என்று எத்தனை பேர் அவரிடம் வந்து நின்றிருப்பார்கள். “நேத்து டாக்டர்கிட்ட போனீங்களே, உங்களுக்கு எழுதிக் கொடுத்ததும் அதேதானா?” என்றார் எதிரே வந்து. “அதே பேரு. கம்பெனி வேற.” சிஸ்டர் அதை ஒரு வட்டம் யோசித்தார். திரும்பி வந்து, அன்பாகத்தான், “பயப்படாதீங்க. கால் மாத்திரைல ஆரம்பிங்க. ஒரே ஒரு விஷயம். எந்திரிக்கும்போது தனியா எந்திரிக்கக் கூடாது. பக்கத்துல யாரையாவது கூப்பிடணும். கூப்பிட்டு, அவங்க வந்து கையைப் பிடிச்சப்புறம்தான் காலைக் கீழ வைக்கணும். அதுல மட்டும் தப்பக் கூடாது,” என்றார். நீளமான வாக்கியம். அதைச் சொல்லி முடிக்க நடுவில் நின்றார். இவள் நிற்கவில்லை, நிற்க முடியவில்லை, வடக்கு வட்டத்துக்குள் ஓடுகிற மாதிரி நுழைந்தாள்.

கூப்பிடணும். மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஜன்னலில் இதே வெளுப்பு. ஒன்றரை கொடுக்கத் தொடங்கிப் பத்தாவது நாள். அந்தப் பத்து நாளும் அவள் தூங்கிய தூக்கத்தை என்னவென்று சொல்வது, அப்படி ஒரு தூக்கத்தைச் சின்ன வயதில் அம்மா மடியில்கூடத் தூங்கியதில்லை. உடம்பின் ஒவ்வொரு கணுவும் தனித்தனியாகத் தூங்கியது. உறக்கம் வெல்லப்பாகு போல மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பாகுக்கு அடியில் கிடக்கும்போது மேலே எங்கேயோ ஒரு குரல். “மங்கா.” கனவு என்றுதான் முதலில். “மங்கா, கையைக் குடுடி.” கனவில்லை. அவளுக்குத் தெரியும், அப்போதே தெரியும், இதில்தான் பதினான்கு வருடமாக மனசு வந்து வந்து முட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பும், மெட்டிக்கு, எலும்புக்கு, மாத்திரைக்கு, அளவுக்கு. மாத்திரைகூடப் பரவாயில்லை. மாத்திரை தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். குரல் தெரிந்துதான் கேட்டது. மூன்றாவது தடவை நீட்டிக் கூப்பிட்டாள், “மங்காஆஆ…” கூப்பிடும்போது ஓசை அளவு மீறி நீளும், அதையும் அந்த வாரம்தான் திருத்திக் கொடுத்திருந்தாள். இவள் “இதோ வரேம்மா,” என்றாள். சொன்னாளா, சொன்னதாக நினைத்தாளா? இல்லை, சொன்னாள், உதடு அசைந்தது நினைவிருக்கிறது. இதோ என்றால் தமிழில் எவ்வளவு நேரம்? இரண்டு நிமிடம். இன்னும் ஒரே இரண்டு நிமிடம், இந்தப் பாகு இறங்கி முடியட்டும். புரண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, தலையணையின் குளிர்ந்த பக்கத்தைத் தேடிக் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அது எவ்வளவு சுகமாக இருந்தது. அதுதான். அந்தச் சுகம்தான் இன்னும் உடம்பில் இருக்கிறது, அம்மா விழுந்த சத்தம்கூட இல்லை. அம்மா இதோ என்ற சொல்லை நம்பிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. பெண் களைத்துப் போயிருக்கிறாள், தூங்கட்டும் என்றுகூட நினைத்திருப்பாள். நினைத்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான், அதை நினைக்க முடியவில்லை. அப்புறம் காலைக் கீழே வைத்தாள்.

நடுவில் சிஸ்டர் நின்றிருந்தார். நடக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இப்போது வெளிச்சத்தில் தெரிந்தது, மூக்குக் கண்ணாடியில் பனி. மங்கையர்க்கரசி வந்து நின்றாள். “கூப்பிட்டாங்க, சிஸ்டர்,” என்றாள். யாருடைய அம்மா என்று இனிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார், முந்தியில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். வார்டில் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்கிற மாதிரி, மெதுவாக, “உங்களுக்குக் கேட்டுச்சா?” என்றார்.

“கேட்டுச்சு.”

கீழே ஏதோ ஒரு வீட்டில் குக்கர் கூவி அடங்கியது. சிஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது சொல்லப் போகிறார் என்று மங்கையர்க்கரசி காத்திருந்தாள், போகட்டும் என்றோ, கடவுள் என்றோ, வயசு, விதி என்றோ, எதையாவது. எந்த வட்டத்திலிருந்து வந்தோம், இனி எந்த வட்டத்துக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் இவள் அந்தக் கோடுகளின் மேல் நின்றாள். சிஸ்டர் இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்து, படுக்கையில் ஒரு நோயாளியைத் திருப்புவது போல, தெற்கே திருப்பி விட்டார்.

“நடங்க,” என்றார். “நின்னுட்டா கால் பிடிச்சுக்கும்.”